வெயில் படாத அளவுகோல்

அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

இயக்குநர். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்பதால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

துணை இயக்குநர். பக்கத்து நாற்காலியில் இருந்தபடி இயக்குநரின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக அப்படித்தான் பார்க்கிறார்.

தரப் பிரிவின் தலைவி சாவியம்மா. பட்டப்பெயருக்கான காரணம் இடுப்பில் தொங்கியது.

நிர்வாக அதிகாரி. கூடவே அவருடைய ரப்பர் முத்திரை.

வாட்ச்மேன். நாற்காலி போட வந்தவர். போகச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மேல்மாடிக்காரர். நின்றபடி.

சூரியன் வரவில்லை. கூட்டமே அதைப் பற்றித்தான் என்றாலும், இயக்குநரின் உடம்பை உத்தேசித்துத் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் குழல்விளக்குகள் எரிந்தன. அதில் ஒன்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“ரொம்ப வருத்தமான விஷயம். சூரியன் கூடியிருக்கு.”

துணை இயக்குநர் மட்டும் துக்கம் கேட்க வந்தவர்போலத் தலையை மெதுவாக ஆட்டினார்.

அந்த நிலையத்துக்கு இருந்தது ஒரே வேலை. சூரியன் பூமியின் பக்கம் எவ்வளவு ஆற்றலை அனுப்புகிறது என்று தினமும் அளந்து சொல்லவேண்டும். கட்டடம் திறந்த வருடம் அளந்தபோது வந்த எண்ணைப் பித்தளையில் வார்த்து, வாசல் சுவரில் ஆள் உயரத்துக்குப் பதித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, சூரியனை அளப்பது என்ற வேலை, சூரியன் அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. எண் கூடினாலும் குறைந்தாலும் கருவியில் கோளாறு என்று எழுதி, திருகாணியைத் திருகி, எண்ணை இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இப்படியாகச் சூரியன் பல வருடங்களாக ஒழுங்காக நடந்துகொண்டது. அதற்காக நிலையத்துக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள்.

அளக்கிறவர் மேல்மாடிக்காரர். மொட்டைமாடியில் ஓர் உருண்டைக் கூரை இருந்தது. அதற்குக் கீழேதான் அவருக்கு வேலை. மேல்மாடி காலியா இருக்கா என்று லிஃப்டில் கேட்டுச் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன சிரிப்பு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

காலையில் அவர் கூரையைத் திறப்பார். தொலைநோக்கி சூரியன் போகும் பக்கமெல்லாம் மெல்லத் திரும்பும். அது பிடித்துத் தரும் வெளிச்சம் ஒரு கண்ணாடித் தட்டைக் கடந்து வெயில்மானிக்குள் விழும். வெயில்மானி என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. உட்புறம் கரி பூசிய ஒரு சின்னக் கூம்பு. வெயில் விழுந்து அது எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மூடியைப் போட்டு வெயிலை மறைத்துவிட்டு, மின்சாரம் கொடுத்து அதே சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ அவ்வளவு வெயில். முள் எங்கே நிற்கிறது என்று படித்து, வரும் வழியில் காற்று தின்றதைக் கூட்டி, கீழே அனுப்பினால் அன்றைய வேலை முடிந்தது. தொந்தரவில்லாத வேலைதான். மேலே யாரும் ஏறி வரமாட்டார்கள்.

அவருக்கு அந்த வாரம் மாற்றல் கிடைத்திருந்தது. மனைவி வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் நடக்கப் பழகினாள், இப்போது பள்ளிக்கூடமும் போகிறாள். அப்பா என்றால் போனுக்குள் குடியிருக்கும் ஓர் ஆள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வானிலை அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலியாகி, மனுமேல் மனுப் போட்டு, கடைசியில் அது இவருக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மனைவி போனில் கொண்டாடவில்லை.

“இத பாருங்க. இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா அப்புறம் வரவே வேணாம். அந்தச் சூரியனையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க. அதுகூடச் சாயங்காலமானா ஒழுங்கா வீட்டுக்குப் போகுது.”

கிளம்புவதற்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம், விடுவிப்பு ஆணை. அதற்கு முன் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கிற பொருளெல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நிர்வாக அதிகாரி சொல்லியிருந்தார். மேல்மாடிக்காரர் அதை நம்பினார். வெயில்மானிக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தட்டை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தார்.

அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் அதிகாரம் ஒளியியல் துப்புரவாளருக்கு மட்டுமே உண்டு. அவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்தப் பதவியை யாரும் நிரப்பவில்லை. கண்ணாடியை யாரும் தொடவுமில்லை. தூசி படிந்தது. தூசி படியப் படிய எண் இறங்கியது. எண் இறங்க இறங்கத் திருகாணியைத் திருகினார்கள். அவ்வளவு வருடத் தூசியும் ஒரே துடைப்பில் போனபின் முள் எகிறிக் குதித்தது. இந்தத் தடவை திருகாணியை எவ்வளவு திருகியும் எண் இடத்துக்கு வரவில்லை. கூட்டம் கூடிய கதை இதுதான்.

இயக்குநர் பேசிக்கொண்டேயிருந்தார்.

“இந்தச் சூரியனை நாம எப்படிக் கட்டுக்கோப்பா வெச்சிருந்தோம்? எனக்கு முன்னால இருந்தவர் காலத்துல கூடல. அவருக்கு முன்னால இருந்தவர் காலத்துல கூடல. என் காலத்துல கூடினா மேலிடத்துல என்ன நினைப்பாங்க? அந்தப் பித்தளையைப் பேர்த்து எடுக்கணும்னா சுவரையே இடிக்கணும். அந்தச் சுவர்லதான் என் பேரும் இருக்கு.”

மேல்மாடிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

“சார், சூரியன் கூடல சார். நான்தான் கண்ணாடியைத் துடைச்சேன்.”

குழல்விளக்கு மட்டும் கண்ணடித்தது.

“துடைக்கற அதிகாரத்தை உங்களுக்கு யாரு குடுத்தா?” என்றார் நிர்வாக அதிகாரி.

“நீங்கதான் சார், எல்லாம் சுத்தமா ஒப்படைக்கணும்னு சொன்னீங்க.”

“சுத்தமா ஒப்படைக்கணும்னு சொன்னேன். சுத்தம் பண்ணணும்னு சொன்னேனா?”

மேல்மாடிக்காரர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் கூரையைப் பார்த்தார்.

கூட்டத்தின் முடிவை இயக்குநரே சொல்லி எழுதவைத்தார். துடைத்த தூசியைத் துடைத்தவரே திரும்ப வைக்கவேண்டும். எண் பழைய இடத்துக்கு வரும்வரை விடுவிப்பு ஆணை கிடையாது.

துடைத்த துணி எங்கே என்று கேட்டார்கள். துவைத்துக் காயப்போட்டிருப்பதாக மேல்மாடிக்காரர் சொன்னார். சாவியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நிலையத்தின் சொத்தை ஒரு மனிதன் சோப்புப் போட்டுச் சாக்கடையில் விட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

தூசியை மீட்கும் பணி துணை இயக்குநரிடம் வந்தது. அவருக்கு உற்சாகம். போன தூசி பழைய தூசி, எனவே வைப்பதும் பழைய தூசியாகத்தான் இருக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். அந்த வயதுத் தூசி கட்டடத்தில் எங்கே கிடைக்கும் என்று அறை அறையாகத் தேடினார்கள். ஆராய்ச்சிப் பிரிவின் மேசைகள்மேல் தாராளமாக இருந்தது. ஆனால் அதில் பிஸ்கட் தூள் கலந்திருந்தது. கடைசியில் இயக்குநர் அறை அலமாரியின் உச்சியில், கட்டடம் திறந்த நாளிலிருந்து யாரும் கலைக்காத தூசி அகப்பட்டது. வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறி, பெயிண்ட் பிரஷ்ஷால் அதைக் காகிதத்தில் கூட்டி எடுத்தார். துணை இயக்குநர் கீழே நின்றபடி, மெதுவா மெதுவா என்று பதறினார்.

அடுத்த சிக்கல், கண்ணாடியில் அதை யார் தூவுவது. துப்புரவாளர் பதவிதான் காலியாயிற்றே. நிர்வாக அதிகாரி விதிகளைப் புரட்டிவிட்டு, சுத்தம் செய்யத்தான் அதிகாரம் வேண்டும், அழுக்காக்க நிலையத்தில் யாருக்கும் தடை இல்லை என்று தீர்த்துவைத்தார்.

தூவினார்கள். சூரியன் குறைந்தது. பித்தளை எண்ணுக்கு ரொம்பக் கீழே போய் நின்றது.

துணை இயக்குநர் குனிந்து கண்ணாடியை மெல்ல ஊதினார். சூரியன் கூடியது. பிரஷ்ஷை ஒரு தட்டுத் தட்டினார். குறைந்தது. இன்னொரு ஊது ஊதினார், எச்சில் தெறித்தது, நடுவில் ஒரு வட்டம் விழுந்து முள் ஆடியது. அன்று பொழுது சாயும்வரை ஊதுவதும் தட்டுவதுமாகவே போயிற்று. மறுநாள் வேறு மூச்சு வேண்டும் என்று நிர்வாக அதிகாரியை அழைத்து ஊதச் சொன்னார்கள். அவர் எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் ஊதமாட்டேன் என்றார்.

வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“தம்பி, இவங்க ஊதுற ஊதுல அது அணைஞ்சே போயிடும்போலருக்கே.”

“அண்ணே, நான் வெள்ளிக்கிழமை போயாகணும்ணே.”

“போயேன். ராத்திரியே பையைத் தூக்கிக்கிட்டு நட. நான் பாக்கல.”

போகமுடியாது. அதுதான் விஷயம். விடுவிப்பு ஆணை இல்லாமல் போய் நின்றால் அந்த அலுவலகம் சேர்த்துக்கொள்ளாது. ஓடிப்போனவர் என்று இங்கே எழுதுவார்கள், அங்கே இடம் அடுத்தவருக்குப் போகும், மனைவியின் வீட்டுவாசலில் வேலையில்லாத ஆளாக நிற்கவேண்டும். மேல்மாடிக்காரர் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருந்தார். வழி தேடித் தேடி, அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. தாய்க்கருவி.

தாய்க்கருவி சாவியம்மாவின் பொறுப்பில் இருந்தது. நிலையத்தின் வெயில்மானிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். மற்றவை தேயும், ஆடும், பொய் சொல்லும். தாய்க்கருவி சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதை ஒரே ஒரு தடவை வெயிலில் வைத்துப் பார்த்தால் சூரியன் நிஜமாகவே எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குமேல் தூசி எதற்கு, ஊதல் எதற்கு? கேட்டுவிடுவோம் என்று போனார்.

சாவியம்மா அவரைக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். துணை இயக்குநரும் வந்தார். கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்கமுடியாது. ஒருவரை ஒருவர் நம்பாததால் ஏற்பட்ட பாதுகாப்பு. உள்ளே சுவரெல்லாம் கறுப்பு. ஜன்னல் இல்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எந்தப் பருவத்திலும் ஒரே குளிர். நடுவில் மேசைமேல், வெல்வெட் போர்த்திய ஒரு பெட்டி.

“குரலைக் குறைச்சுப் பேசுங்க,” என்றார் சாவியம்மா. பிறகு அவர் பேசினார். பெருமையாகப் பேசினார். “நம்மகிட்ட இருக்கறதுலயே துல்லியமான கருவி இது. ஏன்னு தெரியுமா? இதுவரைக்கும் இதுமேல ஒரு பொட்டு வெயில் பட்டதில்ல. வெயில் பட்டா உள்ள பூசியிருக்கற கரி தேயும். தேஞ்சா துல்லியம் போச்சு. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே வெச்சிருக்கேன். என் பொண்ணுக்குப் பிரசவம், நான் போகல. இதை யாரு பாத்துப்பா?”

மேல்மாடிக்காரர் யோசித்துக் கேட்டார்.

“வெயில்லயே வெக்கலைன்னா, இது சரியா காட்டும்னு எப்படிம்மா தெரியும்?”

“தப்பா காட்டுச்சுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்ன?”

துணை இயக்குநர், ஆழமான பதில் என்று சொல்லித் தன் சாவியை எடுத்தார். மூவரும் வெளியே வந்தார்கள். சாவியம்மாவின் சாவி இரண்டு சுற்று, துணை இயக்குநரின் சாவி ஒரு சுற்று. பூட்டியபின் சாவியம்மா இரண்டு பூட்டுகளையும் இழுத்துப் பார்த்தார். நோய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

அன்று மாலை மனைவி கூப்பிட்டாள். டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டாள். அவர் தூசி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கே ஆரம்பித்தாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் ஆரம்பித்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னாள்.

“இங்க தெர்மாமீட்டர்ல காய்ச்சல் ஜாஸ்தியா காட்டினா, நாங்க போய் நோயாளியைப் பாப்போம். உங்க ஆளுங்க தெர்மாமீட்டர் மேல மண்ணள்ளிப் போடறாங்களா?”

“ஆமா.”

“நீங்களும் கூடச் சேந்து போடறீங்களா?”

மகள் போனை வாங்கினாள். அப்பா நீ ஆளா வர்றியா, போன்லயே வர்றியா என்று கேட்டாள். ஆளா வர்றேன் என்றார். வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் தூங்கவில்லை. காலையில் முகம் கழுவும்போது முடிவு செய்திருந்தார். இவர்களுக்கு வேண்டியது ஓர் எண். அது எந்த எண் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

அன்று வியாழக்கிழமை. துணை இயக்குநர் ஒரு புதிய சோதனை ஏற்பாடு செய்திருந்தார். கோளாறு கண்ணாடியிலா, தூசியிலா, ஆளிலா என்று தெரியவேண்டும். எனவே அதிகாரிகள் எல்லோரும் மாடிக்கு வந்து ஒருவர்பின் ஒருவராக முள்ளைப் படிப்பது, ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. இயக்குநரும் வரச் சம்மதித்தார். பதவிக்கு வந்தபின் அவர் மாடி ஏறுவது அதுதான் முதல் தடவை. கறுப்புக் கண்ணாடி, கையுறை, தொப்பி, அதற்குமேல் வாட்ச்மேன் பிடித்த குடை. கடைசிப் படியைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்து, அப்படியே நின்றுவிட்டார்.

“இது எப்பவும் இப்படித்தானா?” என்றார்.

“பகல்ல இப்படித்தாங்க,” என்றார் வாட்ச்மேன்.

இயக்குநர் குனிந்து முள்ளைப் பார்த்து ஓர் எண் எழுதினார். குடைக்குக் கீழே இருந்தபடி எழுதியது, பித்தளை எண்ணைவிடக் கூட. துணை இயக்குநர் அதைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதினார். மேலதிகாரியைவிட அதிகம் பார்ப்பது சரியில்லை என்று நினைத்திருக்கலாம். சாவியம்மா வெயிலில் கால் வைக்க மறுத்து, கூரையின் நிழலில் இருந்தபடியே எட்டிப் படித்தார். அவர் எண் எதோடும் ஒட்டவில்லை. நிர்வாக அதிகாரி, இது உத்தேசமானது, யாரையும் கட்டுப்படுத்தாது என்று அடியில் எழுதிய பிறகு மேலே ஓர் எண்ணை எழுதினார். நாலு பேருக்கு நாலு சூரியன்.

கடைசியில் மேல்மாடிக்காரர். முள்ளைப் பார்த்தார். அது எங்கே நின்றது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காற்று தின்றதைக் கூட்டினால் என்ன வரும் என்பதும் தெரிந்தது. வாசலில் உள்ள எண் வராது. மாலை பஸ்ஸை நினைத்துக்கொண்டார். வாசலில் உள்ள எண்ணை எழுதிக் கொடுத்தார்.

துணை இயக்குநர் சீட்டுகளைப் பிரித்தார். கடைசிச் சீட்டைப் படித்ததும் குரல் தழுதழுத்தது. இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், உடனே திரும்ப மாட்டிக்கொண்டார். எல்லோரும் குனிந்து முள்ளை இன்னொரு தடவை பார்த்தார்கள். அது பழைய இடத்திலேயேதான் நின்றது. அவர்களுக்கு அந்த எண் தெரியவில்லை. இவருக்கு மட்டும் தெரிகிறது.

“வெளுத்து வாங்கிட்டீங்க,” என்று இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். கையுறையோடு தட்டியது மெத்தென்று இருந்தது. “நாளைக்குக் காலையில வந்து ஆர்டரை வாங்கிக்கங்க.”

மேல்மாடிக்காரர் மனைவிக்கு ஒரே வரி அனுப்பினார். நாளைக்குக் காலையில கிளம்பி மத்தியானம் சேந்துடறேன். கொஞ்சநேரம் கழித்து அவளிடமிருந்து, மெத்தை விரித்த ஒரு கட்டிலின் படம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பையோடு வந்தார். நிர்வாக அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். இவ்வளவு வருடத்தில் அவர் யாருக்காகவும் எழுந்தது கிடையாது, அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். திரை மூடியிருந்தது. இயக்குநர் எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

“கண்ணாடி மாறிடுச்சு. தூசி மாறிடுச்சு. திருகாணி எந்த நிலையில இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகமில்ல. நம்ம கண்ணையே நம்மால நம்பமுடியல. இத்தனைக்கும் நடுவுல ஒரே ஒரு பொருள் மட்டும் மாறாம இருந்திருக்கு. அது இவரோட கண்ணு. நமக்கு ஏற்கெனவே ஒரு தாய்க்கருவி உண்டு. இன்னிக்கு நமக்கு ஒரு தாய்க்கண்ணும் கிடைச்சிருக்கு.”

கை தட்டினார்கள். வாட்ச்மேனும் தட்டினார், பழக்கத்தில்.

“சார், ஆர்டர்,” என்றார் மேல்மாடிக்காரர்.

நிர்வாக அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். மாற்றல் ரத்து. அடிப்படைக் கருவிகளை ஊர் மாற்றி அனுப்ப விதியில் இடமில்லை. அவசரமாக நேற்றே வானிலை அலுவலகத்துக்கும் சொல்லியாகிவிட்டது, அங்கே அடுத்த ஆள் காலையிலேயே சேர்ந்துவிட்டார் என்று அவர் சந்தோஷமாகத் தெரிவித்தார்.

மேல்மாடிக்காரர் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

“சார், நான் பொய் சொன்னேன். முள் அங்க நிக்கல. ஊருக்குப் போகணும்னு வாசல்ல இருக்கறதைப் பாத்து எழுதினேன். அவ்வளவுதான் சார். என் கண்ணுல ஒண்ணும் கிடையாது.”

இயக்குநர் சாவியம்மாவைப் பார்த்தார். அவர் துறை அது. சாவியம்மா கனிவோடு விளக்கினார்.

“எவ்வளவு உசத்தியான கருவியா இருந்தாலும் ஒரு சின்னப் பிழை இருக்கும். பிழை இல்லாத கருவியைத்தான் நம்பக்கூடாது. இவரோட பிழை, இப்படி எதையாவது சொல்றது. வரம்புக்குள்ளதான் இருக்கு.”

பிழை வரம்பு என்ற தலைப்பின்கீழ் அவர் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது.

“இனிமே நீங்க மாடிக்குப் போகக்கூடாது,” என்றார் துணை இயக்குநர். “கண்ணு தேஞ்சிடும்.”

“அப்ப தினமும் யாரு சார் அளப்பாங்க?”

“அதை யாராவது அளந்துக்குவாங்க. உங்க வேலை அளக்கறதில்ல. சரியா இருக்கறது.”

“எங்க?”

சாவியம்மா எழுந்தார், சாவி குலுங்கியது.

அடித்தளத்துக்குப் போகும் வழி குறுகலானது. முன்னால் சாவியம்மா, பின்னால் துணை இயக்குநர், நடுவில் மேல்மாடிக்காரர், கடைசியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன். பிடித்து இழுத்துப் போகவில்லை. யாரும் அவரைத் தொடக்கூட இல்லை, கைச்சூடு படக்கூடாதாம். ஏன் திரும்பி ஓடவில்லை என்று கேட்கலாம். ஓடிப் போய்ச் சேர இருந்த இடத்தில் காலையிலேயே வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். தவிர, கூட்ட அறையிலிருந்து கிளம்பும்போது நிர்வாக அதிகாரி காதோடு ஒன்று சொல்லியிருந்தார். கொஞ்சநாள் ஒழுங்காக உள்ளே இருந்தால் மனுவை மறுபடி பரிசீலிக்க வாய்ப்பு உண்டு. அந்த வாக்கியத்தில்தான் இத்தனை வருடமும் அவர் குடியிருந்தார். அதைவிட்டு இறங்க அவருக்குத் தெரியவில்லை.

கறுப்பு அறையில் பெட்டி பக்கத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதன்மேலும் வெல்வெட் விரிப்பு.

“என் சம்சாரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்,” என்று போனை எடுத்தார்.

சாவியம்மா அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். போன் சூடு விடும், அறையின் சூட்டுநிலை மாறும். அவர் கைக்குள் இருக்கும்போதே அது அடித்தது. ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவங்க தாராளமா வந்து பாக்கலாம்,” என்றார் துணை இயக்குநர். “மனு குடுக்கட்டும். ஆனா வெயில்ல வந்திருக்கக் கூடாது.”

வாட்ச்மேன் பையைக் கட்டில் ஓரமாக வைத்தார். நிமிர்ந்தவர், ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தார். “குளிரா இருக்கு தம்பி, போர்த்திக்க,” என்றார்.

மூவரும் வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து, அப்ப நிஜத்துல அது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியவேணாமா என்று மேல்மாடிக்காரர் கேட்டது கதவு சாத்துகிற சத்தத்தில் பாதிதான் கேட்டது. சாவியம்மாவின் சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது. துணை இயக்குநரின் சாவி ஒரு சுற்று. சாவியம்மா இரண்டு பூட்டுகளையும் இழுத்துப் பார்த்தார்.